கவாத்துக்கூடத்தில் நின்றவர்கள்

தண்டுமேட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, மாலை மாற்றப் போகிற நேரத்தில் கைப்பையை எங்கே வைப்பது என்று திருதிருவென முழித்துக்கொண்டிருந்தபோது, என் நாத்தனார் அதை வெடுக்கென்று வாங்கி, பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்த ஒரு சிப்பாயின் மணிக்கட்டில் மாட்டிவிட்டு, "இவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மதினி, நீங்க மேடைக்கு வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் அதை மண்டபத்துப் பொம்மை என்றுதான் நினைத்தேன். தாலி ஏறியபிறகு பையை எடுக்கப் போனபோது என் விரல் அந்தக் கையில் பட்டது. கை சூடாக இருந்தது. உள்ளே நாடி அடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார், ஆனால் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், புதுப்பெண் எல்லாருமே முதல் நாள் இப்படித்தான் கத்துவார்கள், போகப்போகப் பழகிவிடும் என்றார்கள்.

எனக்கு அது கடைசிவரை பழகவில்லை.

என் கல்யாணம் நடந்த அந்தக் கவாத்துக்கூடத்தைக் கட்டியது வெள்ளைக்காரன். மலைத்தோட்டத்துத் துரைகளும் ரயில்வே துரைகளும் சனிக்கிழமை தோறும் கூடித் துப்பாக்கி தூக்கிக் கவாத்துப் பழகவென்று பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, தகரத்தில் கூரை போட்டு, ஆயிரம் பூட்ஸ் மிதித்தாலும் அசையாத பலகையில் தரை போட்டு, அதில் அரைமணி நேரம் கவாத்தும் மூன்றுமணி நேரம் குடியுமாகக் காலம் தள்ளினார்கள். பிறகு பெரிய சண்டை வந்தது, துரைகள் போன இடத்தில் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், ஏரோட்டியவனும் மாடு மேய்த்தவனும் சாயப்பட்டறையில் கை நீலமானவனும் வந்தார்கள், இடதுகால் எது வலதுகால் எது என்று தெரியாத அவர்களுக்கு ஒரு காலில் ஓலையையும் ஒரு காலில் சீலைத் துணியையும் கட்டி, ஓலைக்கால் சீலைக்கால், ஓலைக்கால் சீலைக்கால் என்று ஹவில்தார் கத்திக் கத்தியே நடை சொல்லிக்கொடுத்தார், அந்தச் சத்தம் பொழுதெல்லாம் தகரக் கூரையில் மோதி ஊரையே தாளம் போடவைத்தது. ஒருநாள் மழையில் லாரிகள் வந்தன. ஏறிப்போன பிள்ளைகளைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கூடம் ரேஷன் கிடங்கானது, டூரிங் கொட்டகையானது, ஓட்டு எண்ணும் இடமானது, மறுபடி கிடங்கானது.

அப்படிக் கிடங்காக இருந்தபோது, ஓர் ஐப்பசி அடைமழையில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற சனங்களைத் தாண்டி அவர்கள் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மூன்று வரிசையாக வந்தார்கள். அரைக்கால் சட்டையில் தண்ணீர் சொட்ட, பூட்ஸில் எந்த நாட்டுச் சேறோ ஒட்டியிருக்க, போனபோது இருந்த அதே இருபது இருபத்திரண்டு வயதோடு வந்து, பலகைத் தரையில் ஒரே மிதி மிதித்து நின்றார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அவர்கள் அசையவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு அவனே தள்ளிப்போய் ஊற்றினான், வரிசையும் அவன் பின்னால் நகர்ந்தது.

மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. சோறு கொண்டுபோய் வாயருகில் வைத்தால் வாய் திறக்கவில்லை. தாசில்தார் வந்து பார்த்துவிட்டு அசையாச் சொத்துக் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் போனார். பட்டாளத்துக்கு எழுதிப் போட்டதற்கு, அப்படி ஒரு பிரிவே எங்களிடம் கிடையாது என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் விசிலும் கையுமாக வந்து, "ஸ்டாண்டட்டீஸ்! டிஸ்மிஸ்!" என்று நெஞ்சு நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்தார். எறும்பு கடித்த அசைவுகூட இல்லை. கடைசியில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெளியூர் மாஜி ராணுவக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இது இன்ஸ்பெக்ஷனுக்கு நிக்கிற வரிசைங்க. ஒவ்வொருத்தன் முன்னாடியும் நின்னு மூஞ்சியப் பாக்கணும், காலரப் பாக்கணும், பட்டனப் பாக்கணும். ஒரு ஆள் விடாம எல்லாரையும் பாத்து முடிச்சாத்தான் கலைக்க முடியும். பாக்காம விட்டீங்கன்னா அவனுக பாட்டுக்கு நிப்பானுக."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். ஊர் அன்று என்ன செய்தது என்பதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தைப் பார்த்தால் கலைந்துவிடுவார்கள் என்று தெரிந்த மறுவாரமே, எல்லாருடைய தலையிலும் சரிகைத் தலைப்பாகை கட்டி, புருவத்துக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டுவிட்டார்கள்.

செய்தவர் என் மாமனார் நல்லசிவம். அப்போது அவர்தான் பேரூராட்சித் தலைவர். கூடத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபமாக்கியதும் அவர்தான். ஒரே மாதிரி இருந்தால்தான் மண்டபத்துக்கு லட்சணம் என்று காரணம் சொன்னார். ஊர் தலையாட்டியது. ஏன் ஆட்டாது? திரும்பி வராதவனின் பங்கு நிலத்தைத் தம்பி தன் பெயருக்கு மாற்றியிருந்தான். திரும்பி வராதவனின் மனைவியை வேறொருவர் கட்டி, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. திரும்பி வராதவனின் வீட்டை இடித்து இன்னொருவன் மாடி கட்டிவிட்டான். ஒருவனைத் தெரியும் என்றால் அடுத்தவனையும் தெரியும் என்று சொல்ல வேண்டிவரும், அதனால் யாருக்கும் யாரையும் தெரியவில்லை, வேற்றூர் ஆட்களாக்கும், வழி தப்பி வந்திருக்கிறார்கள், பாவம், நின்றுவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனது பண்ணினார்கள். பெரிய மனது!

அதன்பின் அவர்கள் நிற்பதும் வசதியாகப் போயிற்று. சீரியல் பல்பு மாலையை அவர்கள் தோளில் சுற்றினார்கள். வாழைமரத்தை அவர்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். பந்திக்கு வருகிறவர்கள் குடையையும் சட்டையையும் அவர்கள் கையில் மாட்டினார்கள், பிள்ளைகள் அவர்கள் காலுக்கிடையில் புகுந்து கண்ணாமூச்சி ஆடின, சாம்பார் வாளிக்காரர்கள் அவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினார்கள், போட்டோக்காரர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதல் வரிசைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார், அந்தப் படம் இல்லாத வீடே ஊரில் இல்லை. வாசலோரமாக நின்றவனின் கழுத்தில் என் மாமனார் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். மண்டபத்தின் வாடகை, பாத்திர வாடகை, எச்சில் இலை எடுக்கத் தனி என்று அதில் எழுதியிருந்தது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இந்த ஊரில் குடித்தனம் நடத்தினேன். என் கணவரிடம் கேட்டால், "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்பார். அவர் நல்லவர்தான், ஆனால் அப்பாவைக் கண்டால் பெட்டிப்பாம்பு.

இப்போது சிட்டம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக்கொடுத்துக்கொண்டு, குளத்துக்கரையில் ஓட்டு வீட்டில் அம்மாவோடு இருந்தவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். அவள் வயிற்றில் இருக்கும்போது அப்பா தவசிலிங்கம் லாரி ஏறினார். படம்கூடக் கிடையாது. சின்ன வயதில் கடுக்கனோடு சேர்ந்து கிழிந்துபோன இடது காதுதான் அவர் அடையாளம் என்று அம்மா சொல்லியிருந்தாள். செத்தார் என்று சர்க்கார் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அதனால் அந்த அம்மா தாலியோடும் இருந்தாள், தாலி இல்லாத மாதிரியும் இருந்தாள். விசேஷ வீட்டில் மஞ்சள் குங்குமம் கொடுக்க அவளிடம் வரும்போது கை தயங்கும், தயங்குகிற கையைப் பார்க்க வேண்டாமே என்று அவள் எங்கும் போவதை விட்டுவிட்டாள். அமாவாசைக்கு அந்த வீட்டில் விரதமும் கிடையாது, சாதாரணச் சமையலும் கிடையாது, பழையதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சிட்டம்மாளுக்கு வந்த நல்ல வரன்களெல்லாம், பெண்ணைப் பெற்றவள் தாரைவார்க்க நிற்கலாமா கூடாதா என்ற கேள்வியிலேயே திரும்பிப் போயின.

"கூடத்துல போய்ப் பாத்துட்டு வரவாம்மா?" என்று சிட்டம்மாள் கேட்கும்போதெல்லாம் அம்மா காலைக் கட்டிக்கொள்வாளாம். "வேணாம்டி. இல்லைன்னா நான் இதைக் கழட்டணும். இருந்தாருன்னா, அவருக்கு இருபத்திரண்டு வயசு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போய் முன்னாடி நிப்பேன்?"

அந்த அம்மா தாலியோடேயே இறந்தாள். காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கப்பா இருக்காரா, இல்லையாம்மா? இருக்காருன்னா அம்மாவ சுமங்கலியா வச்சுக் கும்பிடணும், சீலை, மஞ்சள், பூ எல்லாம் வேணும். இல்லைன்னா அப்பாவுக்கும் சேத்துப் பிண்டம் வைக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சிட்டம்மாளால் சொல்ல முடியவில்லை. "இருங்க சாமி, கேட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்து, ஈரப் புடவையோடு, தலையைக்கூட முடியாமல் நேராகக் கவாத்துக்கூடத்துக்கு நடந்து வந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம், நானும் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. தீட்டோடு ஒருத்தி மண்டபத்துக்குள் கால் வைத்ததைப் பார்த்ததும் பெண்கள் பதறிப்போய் ஒதுங்கினார்கள், கல்யாணப் பெண்ணை இழுத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

"சிட்டு! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று என் மாமனார் பாய்ந்து வந்தார். "சாவுத் தீட்டோட சுபகாரியம் நடக்குற எடத்துல வந்து நிக்கிறியே! வெளிய போ!"

"ரெண்டே நிமிஷம் தலைவரே. எங்கப்பா இருக்காரான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"இங்க உன் அப்பன் எவனும் இல்ல. வேத்தூர் ஆளுக."

"அதத்தான் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முதல் வரிசையின் முதல் ஆளுக்கு முன்னால் போய் நின்று, தலைப்பாகையைத் தூக்கினாள்.

தீட்டுக்காரியைத் தொட்டுத் தடுக்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள், இடது காதைப் பார்த்தாள். காது முழுசாக இருந்தது. நகரப் போனவள், கை சும்மா இராமல், மடங்கிக் கிடந்த காலரை நிமிர்த்திவிட்டாள். அடுத்தவனின் தலைப்பாகையைத் தூக்கினாள். காது முழுசாக இருந்தது. சட்டையில் ஒரு பட்டன் அறுந்து நூலில் ஆடியது. ரவிக்கையில் எப்போதும் குத்தியிருக்கும் நூல் கோத்த ஊசியை உருவி, நாலு குத்துக் குத்தித் தைத்து, பல்லால் நூலைக் கடித்து, அடுத்தவனிடம் போனாள். தூக்குவதும் பார்ப்பதும் காலரை நிமிர்த்துவதும் பட்டனைப் போடுவதுமாகப் போய்க்கொண்டே இருந்தாள், தலைப்பாகைகள் ஒவ்வொன்றாகப் பலகைத் தரையில் விழுந்துகொண்டே இருந்தன, மீசை சரியாக முளைக்காத முகங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன, அவை வரவர மண்டபத்தில் இருந்த வயசாளிகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வாசலோரமாக நின்றவனின் கழுத்துப் பலகையை அவள் கழற்றிக் கீழே வைத்தாள். தலைப்பாகையைத் தூக்கினாள். நான் பார்த்தேன். அது என் கணவரின் முகம். அதே தாடை, அதே பிளந்த மோவாய், ஒட்டிப் பிறந்தது போல அதே புருவம். என் மாமனாருக்குப் பூமிநாதன் என்று ஓர் அண்ணன் இருந்ததும், சண்டைக்குப் போனதும், அவர் பங்குத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் திரும்பி மாமனாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சொந்த அண்ணன் கழுத்தில் எச்சில் இலை எடுக்கத் தனி என்று எழுதித் தொங்கவிட்ட மனுஷனுக்கா இத்தனை வருஷமாக நான் காபி ஆற்றிக் கொடுத்தேன்!

இரண்டாம் வரிசையின் நடுவில் சிட்டம்மாள் நின்றுவிட்டாள். அங்கே ஆள் இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. சாம்பார் வாளிக்காரர்கள் இத்தனை காலம் புகுந்து ஓடிய சந்து அதுதான். வரிசையில் ஆள் குறைந்தால் அந்த இடத்தை அடைக்காமல் அப்படியே விட்டு நிற்பது பட்டாள வழக்கம் என்று பிறகு சொன்னார்கள், அப்போது எங்களுக்கு அது தெரியாது. அவள் அந்த வெற்றிடத்துக்கு முன்னால் எல்லாரிடமும் நின்ற அளவுக்கு நின்றாள். கையை நீட்டி ஒரு காலர் இருக்கிற உயரத்தில் வைத்தாள்.

"இங்க யாரு நின்னது?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டாள். அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மூன்றாம் வரிசைக்குப் போனாள். ஒரு காது விடாமல், ஒரு பட்டன் விடாமல் பார்த்தாள். கடைசி ஆளின் காதும் முழுசாக இருந்தது. வந்து மணமேடைப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாத்தாச்சு" என்றாள். "எல்லாரையும் பாத்தாச்சு. எங்கப்பாதான் இல்ல. நீங்க ஏன்ய்யா நிக்கிறீங்க? போங்க. அவங்கவங்க வீட்டுக்குப் போங்க."

அவள் வாயை மூடவில்லை, அத்தனை பூட்ஸும் சேர்ந்து ஒரே மிதியாக வலப்பக்கம் திரும்பின. தகரக் கூரையிலிருந்து துரு கொட்டியது. தோளில் சுற்றிய பல்பு மாலைகள் பட்பட்டென்று அறுந்தன, வாழைமரங்கள் சாய்ந்தன, யாரோ மாட்டியிருந்த குடைகள் தரையில் உருண்டன. பிறகு வரிசை உடைந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், கழுத்தைச் சொடுக்கினார்கள், ஒருவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டான். சாதாரணமாகப் பேசிக்கொண்டே வாசல் இறங்கிப் பட்டப்பகல் வெயிலில் தெருவுக்குள் நடந்தார்கள்.

ஊர் அவர்களை முந்திக்கொண்டு ஓடியது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட கை காய்வதற்குள், பட்டுவேட்டியும் பட்டுப்புடவையுமாக, செருப்பைக்கூட விட்டுவிட்டு, குறுக்குச் சந்துகளில் விழுந்தடித்து ஓடி, அவர்கள் வந்து சேர்வதற்குள் வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார்கள். என் மாமனார் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மரியாதையான தட்டல்தான்.

"சின்னவனே! நான்தாண்டா. கதவத் தொற."

என் கணவருடைய குரல் அது. ஆனால் என் கணவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உங்க அண்ணன்" என்றேன்.

"எனக்கு அண்ணன் கிடையாது."

"நான் அந்த மூஞ்சியப் பாத்தேன் மாமா."

"கிடையாதுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். கத்திய சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். தட்டல் நின்றது. படி இறங்குகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று பின்கட்டு வழியாக நான் வெளியே போனேன்.

தெரு முழுக்க அதே கதைதான். கதவுக்குக் கதவு ஒரு பிள்ளை நின்று, தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காத்திருந்து, திரும்பிக்கொண்டிருந்தான். மாடி வீடு ஆகிவிட்ட தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒருவன் இரண்டு தரம் தாண்டிப் போய் வந்தான். எண்ணெய்க்காரர் வீட்டு ஜன்னலில் அவரை மறுகல்யாணம் கட்டிய கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் உள்ளிருந்து கதவைப் பிடித்திருந்தான். வெளியே நின்றவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "சரி, விடு. நீ நல்லாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

திறந்திருந்தது குளத்துக்கரையில் ஒரே ஒரு கதவுதான். காரியத்துக்கு ஆள் வரும் என்று திறந்து போட்டது திறந்தபடியே கிடந்தது. ஒருவன் பின் ஒருவனாக அங்கே வந்து சேர்ந்தார்கள். திரும்பி வந்த சிட்டம்மாள் வாசல் முழுக்க அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன், வீடு இல்லையா யாருக்கும்?" என்றாள். அவளுக்கே புரிந்துவிட்டது. "தூ!" என்று ஊர்ப்பக்கம் திரும்பித் துப்பிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். நான் கூடத்துக்கு ஓடி, மிச்சம் கிடந்த சாதத்தையும் ரசத்தையும் குண்டானோடு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு பேருமாக இலை போட்டோம்.

அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே! ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்கள். "உப்புக் கொஞ்சம் கம்மி அக்கா" என்று என்னிடம் ஒருவன் குறை வேறு சொன்னான், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பந்தி பாதியில் என் மாமனார் குடையோடு வந்தார். உள்ளே வரவில்லை, வேலிப் படலுக்கு வெளியே நின்றார்.

"சிட்டு, நடந்தது நடந்துபோச்சு. வியாழக்கிழமை முகூர்த்தம் இருக்கு. வரிசை இல்லாத கூடத்த எவன் எடுப்பான்? நீ சொன்னாத்தானே கேக்குறானுக. மறுபடி போய் நிக்கச் சொல்லு."

சிட்டம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். இலையிலிருந்து பூமிநாதன் தலையைத் தூக்கி, அறுபது வயதுத் தம்பியைப் பார்த்து, பக்கத்தில் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"சாப்ட்டியாடா சின்னவனே?"

என் மாமனாரின் வாய் கோணிக்கொண்டது. "நீங்க யாரு?" என்றார். பேரன் வயதுப் பையன் ஒருவனை அவர் நீங்க என்று கூப்பிட்டு அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். குடையைச் சுருக்கிக்கொண்டு, வெயிலில், வந்த வழியே வேகமாகப் போனார். பூமிநாதன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மோர் கேட்டார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள், ஒருவன் மட்டும் இலையைத் தொடவில்லை. இரண்டாம் வரிசையில், அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றவன். மற்றவர்கள் வீடுவீடாகப் போய்க் கதவு தட்டியபோது எந்தக் கதவையும் தட்டாமல் முதலில் நேராக இங்கே வந்து உட்கார்ந்தவனும் அவன்தான். பெயர் சூசை.

"ஏன் சாப்பிடல?" என்று சிட்டம்மாள் கேட்டாள்.

அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்றான்.

"தவசிலிங்கம் வரல தாயி" என்றான். "ஆத்தத் தாண்டுறப்ப வெள்ளம். என் பக்கத்துலதான் வந்தான். கையப் பிடிச்சேன், நிக்கல. அடுத்த நாள் கீழ்க்கரையில கெடந்தான். நாங்களே குழி வெட்டி, தலமாட்டுல கல்லு வச்சோம். பொறக்கப் போறது பொண்ணுதான்னு அடம்பிடிச்சுக்கிட்டே வந்தான், கடைசி வரைக்கும்."

சிட்டம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆள் கொறஞ்சா, திரும்பி வந்ததும் முன்னாடி நின்னு சொல்லணும். அதச் சொல்லாம எங்க வேல முடியாது, வரிசையில நிக்கிறப்ப வாயும் தொறக்கக்கூடாது. சொல்லத்தான் அம்புட்டு தூரம் நடந்து வந்தோம். வந்து நின்னோம். யாருமே கேக்கல தாயி. நீதான் கேட்ட."

ஐப்பசி மழையில் வந்தவர்கள் எத்தனை கல்யாணங்களுக்குப் பந்தல்கால் ஆகி, எத்தனை பேருடைய குடையைச் சுமந்து நின்றார்கள் என்று எனக்குள் ஓடியது. பண்டாரம் மூலையில் தர்ப்பையோடு உட்கார்ந்து இன்னும் காத்திருந்தார். சிட்டம்மாள் அவரைப் பார்த்து, "இல்ல சாமி" என்றாள். "அப்பா இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்துச் செய்யுங்க."

பிறகு சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை பிடித்து, இலைக் கிழிசலில் வைத்து, கொல்லைச் சுவரில் கொண்டுபோய் வைத்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். "கா... கா..." என்று குரல் நூல் மாதிரி வந்தது.

கட்டளை எதுவும் இல்லாமலே, எச்சில் கையோடு, அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

ஒரு காக்கை வந்து சுவரில் இறங்கியது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. சோற்றில் அலகை வைத்தது.

"அப்பா!" என்று சிட்டம்மாள் வீறிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் கூப்பிடாத சொல் அது. எங்கள் தெரு வரைக்கும் கேட்டதாம், தாழ்ப்பாள் போட்ட வீடுகளுக்குள்ளும் கேட்டதாம். காக்கை பயப்படவில்லை, முழு உருண்டையையும் தின்றுவிட்டுத்தான் போனது.